கண்டியைக் காணும் வகை

ஆண்டுதோறும் விடுமுறைக் காலத்தில் நம் இளைஞர் பலர் கண்டிக்கு உல்லாசப் பிரயாணஞ் சென்று மீள்கின்றனர். மீண்டவரை நோக்கி, "அங்கே யாது கண்டீர்?" என்று வினவினால், வாவி கண்டோம், தலதா மாளிகை கண்டோம், பேராதனைப் பூந்தோட்டம் கண்டோம், குளிர் நன்றாயிருந்தது என்று விடை பகர்வர். மேலும் வினவினால், "அது நம்மவர் ஆண்ட ஊர்தானே" என்பார் ஒருவர், "அங்கே நமக்கென்ன இருக்கிறது?" என்பார் மற்றொருவர். முதல்வர் கூற்றில் வீண்பெருமையும் மற்றவர் கூற்றில் அசட்டையும் உள்ளன. இரண்டும் வரலாறு அறியாமையிற் பிறந்தவையே. இனிச் செல்லவிருக்கும் இளைஞர்கள் இவ்விரண்டையும் நீக்கி அந்நகரைக் காணவேண்டும் என்னும் விருப்பத்தினால் இக்கட்டுரை எழுதலாயிற்று. மூன்று நாட்கள் இருந்தால் போதும். முதல் நாள் நகருக்கு. இரண்டாம் நாள் மேற்கேயுள்ள பழங்கோயில்களுக்கும் பேராதனைக்கும். மூன்றாம் நாள் மலைகளுக்கு.

மலைகள் காத்த நகர்

யாழ்ப்பாணத்தார் கண்டியைத் தூரதேசமாக எண்ணுவதுண்டு. ஆயினும் நம் வாயிலிற் செல்லும் ஏ-9 வீதி கண்டியிலே தொடங்கி, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா வழியாக 321 கிலோமீற்றர் கடந்து, யாழ்ப்பாணத்திலே முடிவதாகும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில், சுற்றிலும் குன்றுகள் காக்க, மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்தோட அமைந்தது இந்நகர். மலை என்று பொருள்படும் 'கந்த' என்னும் சிங்களச் சொல்லடியாகப் பிறந்தது கண்டி என்னும் பெயர். சிங்கள மக்கள் இதனை மகநுவர, அஃதாவது மாநகர், என்பர். செங்கடகல என்பது இதன் பழம்பெயர்.

பதினான்காம் நூற்றாண்டில் மூன்றாம் விக்கிரமபாகு இவ்வூரைத் தோற்றுவித்தான் என்பது மரபு. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேனாசம்மத விக்கிரமபாகு இதனைத் தலைநகராக்கி ஆண்டான். 1592 இல் அரசெய்திய முதலாம் விமலதர்மசூரியன் புத்தர் பெருமானின் தந்ததாதுவை இங்கே கொணர்ந்து மாளிகை எடுத்தான். அன்று முதல் இலங்கையின் கரையோரமெங்கும் பிறநாட்டார் கைப்பட்ட பின்னரும் கண்டி தலைவணங்காது நின்றது. போர்த்துக்கேயர் 1594 இல் தந்துறையிலும், 1638 இல் கண்ணொறுவையிலும் படையிழந்து அழிந்தனர். ஒல்லாந்தர் 1765 இல் நகரைப் பிடித்தும் சில மாதங்களுக்கு மேல் அங்கே தரிக்கமாட்டாது திரும்பினர். 1803 இல் ஆங்கிலேயர் நகருட் புகுந்து ஒரு காவற்படையை நிறுத்தினர். அப்படையும் அவ்வாண்டிலேயே அழிவுற்றது. கணவாய்களும், காடும், மழையும், காய்ச்சலும், அட்டையுமே கண்டி மன்னருக்குக் கோட்டைகளாயிருந்தன.

இங்கே ஒன்று நோக்கற்பாலது. படைக்கு அடைத்த வாயிலை இம்மலைநாடு விருந்தினருக்கும் அகதிகளுக்கும் அடைக்கவில்லை. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து துரத்திய முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னர் புகலிடம் அளித்தனர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒறுத்த காலத்தில், யோசேவாஸ் முனிவர் கண்டியிலிருந்தே தம் பணியை ஆற்றி, 1711 இல் அவ்வூரிலேயே உயிர்நீத்தார். தென்னிந்தியச் சிற்பியரும், மணப்பெண்களும், தெய்வங்களும் அவ்வழியே வந்தனர். படைக்கு மூடியும் மக்களுக்குத் திறந்தும் இருந்த வாயில் என்று இந்நகரை நினைவிற் கொண்டால், அங்கே காணும் ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்கும்.

முதல் நாள்: வாவியும் கோயில்களும்

வைகறையில் வாவியைச் சுற்றி நடக்கவேண்டும். சுற்றுப்பாதை ஏறக்குறைய இரண்டு மைல். வயலாகக் கிடந்த நிலத்தைக் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் 1807 இல் தொடங்கி அணைகட்டி வாவியாக்கினான். கரையில் முகில் வடிவாய் நெளிந்து செல்லும் மதில் இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கிறது. நகரை அழகுசெய்த இவ்வேலைக்காகக் குடிகள் கட்டாய ஊழியத்திற் படாதபாடு பட்டனர் என்பதையும், அம்மனக்கசப்பு அரசன் வீழ்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று என்பதையும் அழகில் மயங்கி மறக்கலாகாது. வாவியை நோக்கி நிற்கும் எண்கோண மண்டபமும் இவன் காலத்ததே. அதனை அமைத்தவன் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி.

தலதா மாளிகையைத் தரிசித்தபின் எதிரே உள்ள முற்றத்துக்கு வாருங்கள். நம்மவர் பெரும்பாலும் இதனைப் பாராது திரும்புகின்றனர். இங்கேதான் நாத தேவாலயம் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்கட்டடம். கண்டியில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது. தென்னாட்டுக் கோயில்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அதன் அமைப்புப் புதிதாகத் தோன்றாது. ஆயினும் உள்ளே வழிபடப்பெறுபவர் போதிசத்துவராகிய நாதர். அருகே விஷ்ணு தேவாலயமும் பத்தினி தேவாலயமும் உள்ளன. சற்றே அப்பால், நகர வீதியில், கதிர்காமத் தேவாலயம் இருக்கிறது.

பத்தினித் தெய்வம் யார்? நம் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகு அங்கிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. வற்றாப்பளையிலும் மட்டக்களப்பிலும் வைகாசியில் நாம் பொங்கல் வைத்து வணங்கும் அதே அன்னையை, மலைநாட்டுச் சிங்களத் தாய்மார் பிள்ளைகளின் நோய் தீரவேண்டிப் பத்தினியாக வணங்குகின்றனர்.

எசலப் பெரஹரா ஆடி, ஆவணியில் நிகழும் பெருவிழா. முதலில் தலதா மாளிகையின் ஊர்வலம். அதன்பின் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகியோரின் ஊர்வலங்கள் இவ்வொழுங்கிலே செல்லும். முற்காலத்தில் இது தேவாலயங்களின் விழாவாகவே இருந்தது. தந்ததாது முன்செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு 1775 இல் வந்தது. அதனைச் செய்தவன் கீர்த்திஸ்ரீ ராசசிங்கன். அவன் யார் என்பதை அடுத்து நோக்குவோம்.

மதுரையிலிருந்து வந்த மன்னர்

கண்டி மன்னர் மதுரை நாட்டு நாயக்கர் குலத்தில் அரசியரைப் பெறுவது வழக்கமாயிற்று. 1739 இல் வீரநரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மகனின்றி இறந்தபோது, பட்டத்தரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விசயராசசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். அவனுக்குப்பின் 1747 முதல் 1782 வரை கீர்த்திஸ்ரீ ராசசிங்கனும், 1798 வரை இராசாதிராசசிங்கனும், 1815 வரை ஸ்ரீ விக்கிரமராசசிங்கனும் ஆண்டனர். கடைசி மன்னனின் இளமைப் பெயர் கண்ணுசாமி.

இதனைக் கொண்டுதான் நம்மவர், "தமிழர் ஆண்ட கண்டி" என்று மார்தட்டுகின்றனர். உண்மை அத்துணை எளிதன்று. நாயக்கர் குலம் தெலுங்கு வழி வந்தது. தமிழ்நாட்டில் வாழ்ந்து தமிழும் பயின்றது. கண்டியில் முடிசூடியபின் அவர்கள் பௌத்தத்தைப் பேணும் சிங்கள மன்னராகவே ஆண்டனர். குருப்பட்டம் வழங்கும் மரபு இலங்கையில் அற்றுப்போயிருந்த காலத்தில், சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து 1753 இல் அம்மரபை மீண்டும் நிலைநாட்டியவன் கீர்த்திஸ்ரீயே. அதற்குத் தூண்டுகோலாய் நின்றவர் வெலிவிட்ட சரணங்கர தேரர். இன்று இலங்கையிலுள்ள சீய நிக்காயத்தின் தோற்றம் இதுவே.

இத்துணை செய்தும் அவன்மீது ஐயம் தீரவில்லை. 1760 இல் பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் அவனைக் கொல்லச் சூழ்ச்சி செய்தனர். அவன் திருநீறு அணியும் வழக்கத்தை விடவில்லை என்பது அவன்மேற் சுமத்திய குறைகளுள் ஒன்று எனச் சிங்கள நூலொன்று கூறும். சூழ்ச்சி வெளிப்பட்டபின்னரும் அவன் விகாரைகளுக்குச் செய்த பணியை நிறுத்தினானல்லன். நெற்றியில் நீறும் கையில் விகாரைத் திருப்பணியுமாக வாழ்ந்த அம்மன்னனை எந்த ஒரு சாராரும் தமக்கே உரியன் என்று கூறமுடியாது.

கடைசி மன்னன் கதை துயரமானது. பிரதானிகளோடு பகைமூண்டு, ஐயம் முற்றி, 1814 இல் எகெலப்பொலையின் மனைவி மக்களைக் கொல்வித்த கொடுமை அவன் பெயரை விட்டு நீங்காது. பிரதானிகள் ஆங்கிலேயரை நாடினர். 1815 பெப்ரவரி 18 ஆம் நாள் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் நாள் மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்தில் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மரத்தூண்களுடன் அம்மண்டபம் இன்றும் நிற்கிறது. தூண்களின் வேலைப்பாட்டைப் பார்ப்பவர் அங்கே ஒரு நாட்டின் சுதந்திரம் கைமாறியதையும் எண்ணுக. அவ்வுடன்படிக்கை அரசனின் ஆண் உறவினரைப் பகைவர் என்று கூறி, 'மலபார்' என்ற பெயரால் கண்டிநாட்டிலிருந்து விலக்கிற்று. அதுவரை உறவினராய் இருந்தோரை அந்நியராக எழுதிவைத்த முதற் கடுதாசிகளுள் அதுவும் ஒன்று.

மன்னன் 1816 இல் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 சனவரி 30 ஆம் நாள் அங்கே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி உள்ள இடத்தில் தமிழ்நாட்டரசு எடுத்த முத்துமண்டபம் 1990 இல் திறக்கப்பட்டது. 1948 இல் சுதந்திர இலங்கை ஏற்றிய சிங்கக்கொடியோ அவன் ஆண்ட கண்டி அரசின் கொடியாகும்.

இரண்டாம் நாள்: கல்லில் எழுதிய சாட்சி

மறுநாட் காலை பேராதனைக்கு மேற்கே உடுநுவரைப் பகுதிக்குச் செல்லவேண்டும். கண்டி தலைநகராவதற்கு முன், கம்பளையில் அரசு இருந்த காலத்துக் கோயில்கள் மூன்று அங்கே ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. 1344 இல் எழுந்த கடலாதெனிய விகாரை கல்லாலானது. அதன் தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி. அதே ஆண்டிற் பாறைமேல் எழுந்த லங்காதிலக விகாரையின் சிற்பி ஸ்தபதிராயர். லங்காதிலகத்தில் ஒரு பக்கம் புத்தர் திருவுருவம். கட்டடத்தின் மறுபக்கம் விஷ்ணு, சமன், விபீஷணன், கணபதி, கந்தன் ஆகியோருக்குச் சந்நிதிகள். மூன்றாவதாகிய எம்பெக்கை கதிர்காமக் கடவுளின் தேவாலயம். அதன் மரத்தூண்களில் மல்லரும், ஆடன்மகளிரும், அன்னமும், இரட்டைத்தலைக் கழுகும் உயிர்பெற்று நிற்கின்றன.

லங்காதிலகப் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் சென்றபோது உடன்வந்த மாணவன் ஒருவன் பாறையிற் குனிந்து, தமிழ்ச் சாசனத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றான். அரைமணி நேரம் முயன்றும் நாலைந்து எழுத்துகளுக்கு மேல் அவனுக்கு வசப்படவில்லை. அருகே பூத்தட்டுடன் வந்த சிங்கள மூதாட்டி ஒருத்தி அவன் முயற்சியைக் கண்டு சிரித்து, பக்கத்திலிருந்த சிங்கள எழுத்தைக் காட்டி, தன்னாலும் அதனை வாசிக்க முடியாது என்று சைகை செய்தாள். இருவரும் ஒருவரையொருவர் நோக்கிச் சிரித்தனர். ஒரே பாறையில் இரு மொழியிலும் எழுதிவைத்தனர் முன்னோர். பின்வந்த நாமோ பிறர் மொழியும் கற்றோமில்லை. நம் பழைய எழுத்தையும் மறந்தோம். வெட்கத்துடன் திரும்பினோம்.

அங்கிருந்து பேராதனைக்கு வரலாம். 147 ஏக்கர் பரப்புள்ள தாவரத்தோட்டம் மகாவலியின் வளைவுக்குள் அமைந்தது. மன்னர் காலத்து நந்தவனமிருந்த இடத்தில் 1821 இல் அலெக்சாந்தர் மூன் என்பவர் இதனை நிறுவினார். பெருங்கிளை பரப்பிய சாவக அத்தியும், இரட்டைத் தேங்காயும், மூங்கிற்புதர்களும் காணத்தக்கன. பனஞ்சாலையொன்றும் அங்கே உண்டு. ஊரில் நாம் ஏறிட்டும் பாராத பனையை அங்கே வரிசையாய்க் காணும்போது உள்ளம் உவகை கொள்ளும்.

தோட்டத்தை அடுத்தது பல்கலைக்கழகம். இலங்கைச் சர்வகலாசாலை கொழும்பிலிருந்து 1952 இல் இங்கே இடம்பெயர்ந்தது. மலைச்சாரலில் குறிஞ்சிக் குமரன் ஆலயமும் இருக்கிறது. கலையுலகில் இவ்விடம் பெற்ற பேறு பெரிது. இங்கே பேராசிரியராயிருந்த சரச்சந்திர 1956 இல் மேடையேற்றிய 'மனமே' சிங்கள நாடகத்திற்குப் புதுவாழ்வு தந்தது. அது தழுவிய நாடகம் என்னும் சிங்களக் கூத்துவகை தமிழ்க் கூத்திலிருந்து வளர்ந்தது. அதே பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் படித்த இளைஞரின் மேடைக்குக் கொணர்ந்தார். 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என அவை தொடர்ந்தன. ஒரு மொழியின் கலை அயலான் கையில் மலர்ந்து, மீண்டும் தன் வீட்டாருக்கே கண்திறந்த அருமையை இவ்விடத்திலன்றி வேறெங்குக் காண்போம்?

மூன்றாம் நாள்: மலையும் மலைநாட்டாரும்

மலையேற விரும்புவோர்க்குக் கண்டியிலே குறைவில்லை. அரச மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகெலே ஏறக்குறைய 104 எக்டயர் பரந்த காடு. நகர நடுவிலிருந்து நடந்தே சென்று பெருங்கொடிகளையும் பறவைகளையும் குரங்குகளையும் காணலாம். பல்கலைக்கழகத்துக்கு மேலே எழும் ஹந்தானைத் தொடரில் புல்வெளியினூடே நடந்தால் நகர் முழுவதும் காலடியிற் கிடக்கும். கிழக்கே தும்பரை மலைகள். மூடிய கையின் விரல்முட்டுகள் போல் தோன்றுதலால் ஆங்கிலேயர் இவற்றை 'நக்கிள்ஸ்' என்றனர். 2010 இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமையிற் சேர்க்கப்பட்டவை இவை. அங்கே வழிகாட்டியின்றிச் செல்லலாகாது. பிற்பகலில் முகில் இறங்கினால் பாதை மறையும். அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும், மழைக்கு மேலாடையும் வேண்டும். கொண்டுசென்ற குப்பையைக் கொண்டே திரும்பவேண்டும்.

மலைகளில் நடக்கும்போது தேயிலைச் செடிகளைக் கடந்தே செல்வீர்கள். அவற்றின் வரலாறு பாதையின் வரலாறு. மலையைத் துளைத்து வருபவனே கண்டியை வெல்வான் என்று பழங்கூற்று ஒன்றுண்டு. ஆங்கிலேயர் நாட்டை வென்றபின், தேசாதிபதி பாண்ஸ் காலத்தில், 1820 முதல் கொழும்பு வீதியை வெட்டினர். கடுகண்ணாவையில் அவ்வீதி பாறையைத் துளைத்தே சென்றது. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். அதற்கு முன் மலைகளை மூடியிருந்தது கோப்பி. 1869 முதற் பரவிய இலைநோய் அதனை அழித்தது. ஹந்தானையில் பழைய தொழிற்சாலையொன்றில் 2001 இல் அமைந்த தேயிலை நூதனசாலையிற் பழைய இயந்திரங்களைப் பார்க்கலாம்.

இயந்திரங்களை ஓட்டியவரை எங்கே பார்ப்பது? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பஞ்சத்திற்கு அஞ்சிப் புறப்பட்டோர் கடல்கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் தொகை பெரிது. அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. மன்னர் ஆண்ட கதையை விரும்பிக் கேட்கும் நாம், மண்வெட்டி பிடித்தவர் கதையைக் கேளாதிருப்பது நேர்மையன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்தம் சந்ததியார் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் இரு நாட்டுப் பிரதமரும் அவர்களை எண்ணிக்கையாற் பங்கிட்டனர். எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வழிதிறந்தது. அக்காலத்தில் வடக்கிலிருந்த நாமும் அவர்களை நம்மவராக எண்ணினோமா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்கவேண்டும். தோட்டத்துப் பாதையிற் கொழுந்துக் கூடையுடன் எதிர்ப்படும் அம்மாவுக்கு வழிவிட்டு, வணக்கம் கூறிச் செல்லுங்கள்.

திரும்பும் வேளை

கண்டியிற் கசந்த நாட்களும் உண்டு. 1983 யூலையில் அந்நகர வீதிகளில் தமிழர் கடைகள் எரிந்தன. 1998 சனவரி 25 ஆம் நாள் குண்டுத்தாக்குதலில் தலதா மாளிகையின் முகப்புச் சிதைந்து, உயிர்கள் மாண்டன. ஒன்றை மட்டும் நினைத்து மற்றதை மறப்பவன் வரலாறு கற்றவனாகான்.

மூன்றாம் நாள் மாலையில் பேராதனைப் பாலத்தில் நின்று மகாவலியைப் பாருங்கள். மலையிற் பிறந்து, கண்டியை வளைத்து, விகாரையையும் கோயிலையும் தோட்டத்தையும் கடந்து, 335 கிலோமீற்றர் ஓடி, திருக்கோணமலையருகே கொட்டியாரக் குடாவில் அது கடலை அடைகிறது. மாவலி என்று நாம் அழைத்தாலும் மகவெலி என்று அவர்கள் அழைத்தாலும் அது ஒரே நீர். வாலிப அன்பர்களே, கண்டி நமது என்று சொல்லவும் வேண்டா. நமக்கு அந்நியம் என்று சொல்லவும் வேண்டா. அங்கே நம் முன்னோர் விருந்தினராயும், உறவினராயும், அரசராயும், கூலிகளாயும் வாழ்ந்தனர் என்பதை அறிந்து, வாயிலிற் செருப்பைக் கழற்றி, பணிவோடு உட்சென்று காணுங்கள். அடுத்த முறை செல்லும்போது அப்பாறையின் இரண்டு எழுத்துகளையும் வாசிக்கக் கற்றுச் செல்லுங்கள்.